பம்ப் போஸ்டரின் அடிப்பட்டையை வெட்ட விடாதீர்கள்

பழைய வாட்டர் பம்ப் விளம்பரப் போஸ்டர் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். பூக்கன்றுகளுக்கு ஹோஸ் பிடிக்கிற பெண், குழாயில் இருந்து பாய்கிற தண்ணீர், பக்கத்தில் பச்சையோ சிவப்போ பூசிப் பளபளக்கிற ஒரு பம்ப். பிரேம் போடுகிற கடைக்காரரும் அதைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "கீழ கிடக்கிற எழுத்து வடிவா இல்லை அண்ணை, வெட்டி விடட்டா?" என்று கேட்பார். கேட்டால் நல்லகாலம். என்னுடைய லிஸ்டர் எஞ்சின் போஸ்டர் ஒன்றைக் கேட்காமலே வெட்டித்தான் தந்தார்கள், கடையில் இருந்த கண்ணாடி அந்த அளவுக்குத்தான் சரியாக வந்ததாம். வெட்டிய துண்டு எங்கே என்றால் குப்பைக்குப் போய்விட்டது. போஸ்டரின் ஊர், பேர், விலாசம் எல்லாம் அந்தத் துண்டோடு போயிற்று.

நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். பம்புதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போஸ்டர் சேர்க்கிற பழக்கமும் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பம்ப் திருத்துகிறவன் பார்த்த பார்வை, சித்திரம் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

அடிப்பட்டை ஏன் முக்கியம் என்றால், இந்தப் போஸ்டர்களில் நிறைய இரண்டு தரம் அச்சடித்தவை. பம்ப் செய்த கம்பனி தன் நாட்டில் கலர் கலராக அடித்து, அடியில் இரண்டு மூன்று அங்குலத்தை வெறுமையாக விட்டு, ஊர் ஊராக ஏஜென்டுகளுக்கு அனுப்பும். கொழும்பில் இறங்கிய பிறகு இங்கத்தைய ஏஜென்ட் உள்ளூர் அச்சகம் ஒன்றில் கொடுத்துத் தன்னுடைய பெயரையும் விலாசத்தையும் அந்த வெறும் இடத்தில் அடிப்பிப்பார். மேலே இருப்பது கல்லச்சு, இல்லாவிட்டால் ஓப்செட். கீழே இருப்பது ஈய எழுத்துக் கோர்த்து அழுத்திய அச்சு. போஸ்டரைத் திருப்பிப் பின்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவினால், படம் இருக்கிற பகுதி மழமழவென்று இருக்கும், அடிப்பட்டைக்கு வந்ததும் எழுத்துகள் மேடு மேடாகத் தட்டுப்படும். என்னிடம் உள்ள ஒன்றில், பெட்டியில் எழுத்துப் போதாமல் போயிருக்க வேண்டும், 'இயந்திரம்' என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு அளவு எழுத்தைக் கலந்து கோர்த்திருக்கிறார்கள், 'ர' மட்டும் கொழுத்துப்போய் நிற்கிறது. இங்கிலாந்திலோ ஜப்பானிலோ அடித்த படத்தை விட எனக்கு அந்தக் கொழுத்த 'ர' பிடிக்கும்.

காலம் கண்டுபிடிப்பதும் அந்தப் பட்டையை வைத்துத்தான். படத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஒரே படத்தைக் கம்பனிகள் வருஷக்கணக்காக ஓட்டின. பட்டையில் முதலில் நாட்டின் பெயரைப் பாருங்கள். சிலோன் என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் கம்பனிப் பெயருக்குள் இருக்கிற சிலோனைக் கணக்கில் எடுக்கக்கூடாது, அதைப் பல பேர் மாற்றவே இல்லை. அடுத்தது தெருப் பெயர். நொரிஸ் வீதி என்று இருந்தால் அது இன்றைய ஒல்கொட் மாவத்தை, டரட் வீதி என்றால் தர்மபால மாவத்தை, மெக்கலம் வீதி என்றால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தை. பிறகு டெலிபோன் இலக்கம். கொழும்பு இலக்கங்கள் ஐந்தாக இருந்து ஆறாகி ஏழாகின, ஐந்து இலக்கத்தைக் கண்டால் நான் போஸ்டரைக் கீழே வைக்க மாட்டேன். தந்தி விலாசம் என்று ஒற்றைச் சொல் ஒன்று கிடந்தால் அதுவும் நல்ல அடையாளம்.

தமிழ் எழுத்தை வைத்துக் காலம் சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்பு வடிவத்தில் இருந்தால் 1978க்கு முந்தியது என்று ஒருவர் என்னோடு வாதாடினார். 1978இல் எழுத்தை மாற்றியது தமிழ்நாட்டு அரசு. இங்கே அச்சகங்களில் பழைய ஈய எழுத்து கிடந்தவரைக்கும் பழைய கொம்பும் கிடந்தது.

மின்சார பம்ப் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, இது எங்கள் தொழில்காரருக்கு உடனே கண்ணில் படும். மோட்டர் விபரத்தில், கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் மாறி மாறிப் போகிறது என்கிற கணக்கை 50 சைக்கிள் என்று போட்டிருக்கிறதா, 50 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா? ஹேர்ட்ஸ் சர்வதேச அலகாக ஏற்கப்பட்டது 1960இல், அது போஸ்டர் வரைக்கும் இறங்கி வர மேலும் சில வருஷம் எடுத்தது. சைக்கிளும், மணிக்கு இத்தனை கலன் என்ற கணக்கும், அடிக்கணக்கில் உயரமும் சேர்ந்து இருந்தால் அந்தப் போஸ்டர் பழையதுதான். வீட்டுக்கு என்று போட்டும் மோட்டரே இல்லாமல், கைபிடியை இடமும் வலமும் ஆட்டுகிற வட்டப் பம்போ மண்ணெண்ணெய் எஞ்சினோ படத்தில் இருந்தால் கரண்ட் எட்டாத வீடுகளை நினைத்துப் போட்டது. கொழும்பில் கரண்ட் அதற்கு முந்தியே இருந்தாலும், லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய 1950க்குப் பிறகுதான் கம்பி மெல்ல மெல்ல வெளியூர்ப் பக்கம் போனது. மின்சார சபையே 1969இல் வந்ததுதான்.

இனிப் படம். அதிலும் படிக்க விஷயம் இருக்கிறது, அழகை விட்டுவிட்டுக் குழாயை எண்ண வேண்டும். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற எந்த பம்பும் காற்றமுக்கத்தை நம்பித்தான் வேலை செய்கிறது, கணக்குப்படி 10.3 மீற்றர், நடைமுறையில் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை அது தொடாது. எத்தனை குதிரைவலு போட்டாலும் அதுதான் கதை. இன்றைக்கும் என்னிடம் பெரிய மோட்டர் கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. போஸ்டரில் கிணற்றுக்குள் ஒரே ஒரு குழாய் இறங்கினால் அது ஆழம் குறைந்த கிணற்றுக்கான பம்ப். இரண்டு குழாய் சேர்ந்து இறங்கினால் ஜெட் பம்ப், ஒரு குழாயால் தண்ணீரைக் கீழே அடித்து மற்றதால் தள்ளிக்கொண்டு வருகிற வகை, ஆழக் கிணற்றுக்கு உரியது. ஓவியருக்கு இது தெரியாத போஸ்டர்களும் உண்டு. பாதாளம் போலக் கிணற்றைக் கீறி, மேலே திண்ணையில் சின்ன பம்பை வைத்து, ஒற்றைக் குழாயை விட்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்குள்ளே தட்டு அமைத்துப் பம்பைக் கீழே இறக்கி வைக்கிறவர்களிடம் அதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

மோட்டரும் இல்லை, எஞ்சினும் இல்லை, ஓடையில் இருந்து மேட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று ஒரு படம் கண்டால் விட்டுவிடாதீர்கள். அது ஹைட்ராம். ஓடுகிற தண்ணீரின் அடியையே வைத்து அதில் ஒரு பங்கை மேலே தள்ளுகிற சாமான், பிரான்சில் மொன்கொல்பியே 1796இல் செய்தது. இங்கிலாந்தில் அக்ரிங்டனில் இருந்த பிளேக் கம்பனியின் ஹைட்ராம்கள் மலையகத் தோட்டங்களுக்கு நிறைய வந்தன. துரை பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றிய 'டக் டக்' சத்தத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இப்போதும் சொல்வார்கள். வீட்டுப் பம்ப் போஸ்டர் சேர்க்கிறவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை.

எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகள், பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புக் கடைகள், மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகள். மருதானையில் முழுப் போஸ்டர் கிடைப்பது குறைவு, பழைய வருடாந்த மலர்களிலும் பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய விலாசப் புத்தகத்திலும் இருந்து கிழித்த விளம்பரப் பக்கங்கள்தான் கிடைக்கும், அவையும் உதவும். ஹார்ட்வெயார் கடையில் போஸ்டர் சுவரில் இருக்கும் என்று அண்ணாந்து பார்க்காதீர்கள். சுவருக்குப் பத்துத் தரம் பெயின்ட் அடித்திருப்பார்கள். கதவின் உட்பக்கம், நட்டு போல்ட் லாச்சிகளின் அடி, கணக்குப் புத்தகத்துக்குப் போட்ட உறை, இங்கேதான் தப்பிக் கிடக்கும். கடை உடைத்துக் கட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

போனவுடன் போஸ்டரைக் கேட்கவும் கூடாது. முதலில் பெயாரிங்கோ சீலோ வாங்குங்கள், கதையுங்கள். ஒரு ஹாஜியாரிடம் நான் இப்படித்தான் கதைத்துக்கொண்டிருந்து கடைசியில் லாச்சி அடியில் இருந்ததைக் காட்டிக் கேட்டேன். "அது என்னத்துக்கு தம்பி, எண்ணெய் பட்ட கடதாசி" என்றார். அதில் வாப்பாவுடைய பெயர் இருக்கிறது ஹாஜியார் என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தர மாட்டேன் என்றுவிட்டார். சரி, அவருடையதுதானே. போனில் படம் எடுக்க விட்டார், போஸ்டர் இப்போது அவருடைய வீட்டில் தொங்குகிறது, அடிப்பட்டையோடு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. புறக்கோட்டையில் பம்பும் எஞ்சினும் விற்ற தமிழ்க் கடைகள் எத்தனையோ 1983 ஜூலையில் எரிந்தன. கடையோடு கணக்குப் புத்தகம், பில், பெயர்ப்பலகை எல்லாம் எரிந்தன. முதலாளிமார் ஊருக்குப் போனார்கள், இந்தியாவுக்குப் போனார்கள், கனடாவுக்குப் போனார்கள். ஆனால் அவர்கள் பொலன்னறுவையிலோ புத்தளத்திலோ இருந்த சின்னக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்ட போஸ்டர் அங்கே கதவுக்குப் பின்னால் எரியாமல் கிடந்தது. அப்படி வந்த ஒன்றை முகநூலில் போட்டதற்கு டொரொன்டோவில் இருந்து ஒரு அம்மா எழுதினார், அந்த விலாசம் தன்னுடைய மாமனாரின் கடை என்று. குடும்பத்தில் கடையின் பெயர் எழுதிய ஒரு துண்டும் மிச்சம் இல்லையாம். வெட்டட்டா என்று கேட்கிற பிரேம்காரருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது, "வெட்டினால் காசு தர மாட்டேன்" என்று முதலே சொல்லிவிடுவது லேசு.

போலி. இப்போது பழைய மாதிரியே அடித்து, தேயிலைச் சாயத்தில் தோய்த்து, ஓரத்தைக் கொஞ்சம் சுட்டும் விற்கிறார்கள். சாயத்தில் தோய்த்தது முழுக்க ஒரே மண்ணிறமாக இருக்கும். உண்மையாக வயது போன கடதாசி ஓரத்திலும் மடிப்பிலும் கறுத்து, சட்டம் மறைத்த இடத்தில் வெளுத்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். காசுத்தாள் பார்க்கிற ஊதா லைட் ஒன்று எந்தக் கடையிலும் இருக்கிறது. இருட்டில் அதைப் பிடியுங்கள், கடதாசி நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் அதில் வெளுப்பூட்டி கலந்திருக்கிறது, அது கடதாசிக்குள் பரவலாக வந்தது 1950களில். ஆகவே முப்பதுகளின் போஸ்டர் என்று சொல்லித் தருவது மின்னினால் பேசாமல் வந்துவிடுங்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி தெரிந்தால் போலி என்று சிலர் சொல்வது சரியில்லை, ஓப்செட்டில் அடித்த அசலிலும் புள்ளி தெரியும். எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். அசலில் எழுத்து முழு மையில் கூராக இருக்கும், படம் பிடித்துத் திரும்ப அடித்ததில் கறுப்பு எழுத்தும் கலர்ப் புள்ளிகளாக உடைந்து கிடக்கும்.

எனாமல் தகடு என்றால் காந்தம் ஒட்ட வேண்டும், ஒவ்வொரு நிறமும் விரலுக்குப் படிபடியாகத் தெரிய வேண்டும், ஆணி ஓட்டையைச் சுற்றி எனாமல் சிராய் சிராயாகத் தெறித்திருக்க வேண்டும். நான் தகடுகள் அதிகம் வாங்குவதில்லை, விலை கட்டாது.

வாங்கியதை வைத்திருப்பதுதான் கொழும்பில் பெரிய பாடு. கடதாசிக்கு ஈரப்பதன் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டி இருப்பது நல்லது என்பார்கள், இங்கே அது எழுபது எண்பதுக்குக் கீழே வருவதே அபூர்வம், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்த்து. லெமினேட் செய்யவே செய்யாதீர்கள், ஒரு தரம் செய்தால் கழற்ற வழியில்லை, ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் உள்ளுக்கேயே பூசணம் பிடிக்கும். செலோடேப் அதைவிட மோசம், பிளாஸ்டிக் கழன்று விழும், பசை மட்டும் கடதாசிக்குள் ஊறி மஞ்சளாக நிற்கும். கிழிசலை ஒட்ட வேண்டுமென்றால் பின்பக்கம் ஜப்பான் டிஷ்யூவும் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும் போதும், மெல்லிசாக, ஏனென்றால் வெள்ளிப்பூச்சிக்கும் அந்தப் பசை நல்ல சாப்பாடு. பிரேமுக்குள் போஸ்டர் கண்ணாடியைத் தொடக்கூடாது, இடையில் மவுன்ட் அட்டை ஒன்று இருக்க வேண்டும், பின்னால் ஹார்ட்போர்ட் கேட்காதீர்கள், அதில் உள்ள அமிலம் இறங்கும், அமிலம் இல்லாத அட்டை கொஞ்சம் விலைதான், போடுங்கள். தொங்கவிடுவது உட்சுவரில், வெயில் படாத இடத்தில், மழைக்கு நனைகிற வெளிச்சுவரில் வேண்டாம். பின்னால் நாலு மூலையிலும் சின்னத் தக்கை ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்றுப் போகும். இரவில் மட்டும் ஏசி போடுகிற அறை நல்லது என்று நினைப்போம், ஆனால் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் கடதாசி நெளிந்துவிடும்.

நனைந்துவிட்டால்? 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் களனி கங்கைத் தண்ணீர் ஏறிய ஒரு கடையில் இருந்து ஒரு கட்டுப் போஸ்டர் எனக்கு வந்தது, சேறும் தண்ணீருமாக. சொரசொரப்பான கடதாசியில் அடித்தவை நிழலில் உலரவிட ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. வழுவழுவென்று பூச்சுப் போட்ட ஆர்ட் பேப்பரில் அடித்தவைதான் வில்லங்கம், அவை ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று கிடந்து காய்ந்தால் செங்கல் மாதிரிக் கட்டியாகிவிடும், பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. இரண்டு நாளுக்குள் பூசணம் வரத் தொடங்கும், அதற்குள் கை கொடுக்க முடியாவிட்டால் பொலித்தீனில் சுற்றி ஃபிரீசருக்குள் வைத்துவிடுங்கள், உறைந்து கிடக்கும் வரைக்கும் ஒன்றும் நடக்காது, ஆறுதலாக எடுத்து வேலை பார்க்கலாம். எங்கள் வீட்டு ஃபிரீசரில் மீனுக்கு இடமில்லாமல் போனதற்கு மனைவியிடம் வாங்கிய பேச்சை இங்கே எழுதவில்லை.

ஏஜென்டின் பெயர் கிடைத்தும் வருஷம் பிடிபடாவிட்டால் பழைய பேப்பர்தான் வழி. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின, இரண்டிலும் எஞ்சின், பம்ப் விளம்பரங்களை அடிக்கடி காணலாம், பேப்பரில் தேதி இருக்கிறது. போஸ்டரில் உள்ள அதே கோட்டுப்படம் பேப்பரிலும் வந்திருந்தால் கிட்டத்தட்ட காலம் வந்துவிட்டது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கலாம், அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள்.

பென்சில் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் போஸ்டரின் பின்னால் எங்கே, யாரிடம், எப்போது வாங்கியது என்று மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள், பேனை வேண்டாம். எழுத முதல் அங்கே ஏற்கெனவே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், கடைக்காரர்கள் கணக்குப் போட்ட இடம் அது. என்னிடம் உள்ள ஒன்றின் முதுகில் 'ஃபுட் வால்வ் 2, வாசர் 1 டசின், மாஸ்டர் பாக்கி' என்று இருக்கிறது. பிரேம் போடக் கொடுக்கிறவர்கள் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், அளவையும் அடிப்பட்டையோடு சேர்த்து எழுதி, ரசீதில் கையெழுத்து வாங்குங்கள்.